கார்த்திகையில் மட்டும் வரும் வட்டாரம்

திருவண்ணாமலை
8 செப்டம்பர் 2025

ரஹமத் அவர்களுக்கு,

இருபத்தொரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றுகிறது. அதனால் இந்தக் கடிதம். உன் போன் நம்பர் என்னிடம் இல்லை. இருந்ததை அழித்தவன் நான்தான். மின்னஞ்சல் அனுப்பினால் அதை நாலு பேருக்குத் தள்ளிவிட்டு, ஆள் இன்னும் அப்படியேதான் இருக்கிறார் பாருங்கள் என்பாய். காகிதத்தைத் தள்ளிவிடுவது கொஞ்சம் கஷ்டம்.

வங்காள விரிகுடாவை வட்டாரங்களாகப் பிரித்து உங்கள் குழு வெளியிட்டிருக்கும் வரைவைப் பார்த்தேன். குழுத் தலைவரின் பெயரையும் பார்த்தேன். வாழ்த்துகள். முதலில் பார்த்தது என் மனைவி ரேவதி. கலெக்டர் ஆபீசில் வேலை. வேங்கிக்காலிலிருந்து வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டி, "உங்க ஃபிரண்டு பெரிய ஆளாயிட்டாரு போல" என்றாள். ஃபிரண்டு என்ற வார்த்தையை வேண்டுமென்றே சொன்னாளா என்று தெரியவில்லை.

கடலைப் போய் எப்படிப் பிரிப்பார்கள், அங்கே என்ன வேலியா இருக்கிறது என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்வோம், ஒவ்வொரு கட்டத்திலும் மேல்தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எவ்வளவு பச்சை, மேலே என்ன காற்று என்று பார்ப்போம், ஒரே குணமுள்ள கட்டங்களை ஒன்றாகச் சேர்ப்போம், குணம் எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கே கோடு என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் மாறிவிட்டது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வரைவில் ஐந்து வட்டாரங்கள். நாம் ஒரே ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த 2004-லும் ஐந்துதான். இப்போது உப்பைக்கூட வானத்திலிருந்து அளக்கிறீர்கள். கடல் மட்டும் உங்களுக்கு அதே ஐந்தாகக் கிடக்கிறது. ஆறாவது எங்கே?

உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். மழைக்காலம் முழுக்க கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற நல்ல தண்ணீர் விரிகுடாவின் வடக்கே மேலாக மிதந்து கிடக்கும். ஐப்பசியில் காற்று திரும்பியதும் அது கரையை ஒட்டிக்கொண்டு தெற்கே கிளம்பும். ஆந்திராவைத் தாண்டி, சென்னையைத் தாண்டி, கார்த்திகையில் நம் கரையோரம் ஒரு பட்டையாக ஓடும். உப்பு கம்மி, சூடு கம்மி. மாசியில் தேடினால் இருக்காது. அந்தப் பட்டை ஒரு தனி வட்டாரம் என்று முதலில் கோடு போட்டவன் நான். அந்தக் கோட்டை அழித்த கூட்டத்தில் நீ ஐந்துக்குக் கை தூக்கினாய். இப்போது தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாம் முறை அழிக்கிறாய். ஏன் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

நான் நன்றாக இருக்கிறேன். ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, மாமனார் கட்டிய வீடு. கீழ் அறைகளை வாடகைக்கு விடுகிறேன். காலையில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். போன வாரம் ஜெர்மனியிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு அம்மா, இந்த ஊரில் உங்களுக்கு அமைதி கிடைத்ததா என்று கேட்டார். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் வரச் சாயங்காலம் ஆகும் என்றேன்.

இப்படிக்கு,
முனைவர் கோ. இருசப்பன்


விசாகப்பட்டினம்
19 செப்டம்பர் 2025

அன்புள்ள இருசா,

உறையைப் பார்த்ததுமே கையெழுத்து தெரிந்துவிட்டது. நீ எழுதும் ழகரம் இன்னும் கொக்கி போட்டு அடுத்த வரியை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்தக் காலத்தில் யார் லெட்டர் போடுகிறார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். ஊர்க்காரன் என்றேன். முனைவர் என்று எனக்கா போட்டுக் காட்டுகிறாய்? உன் ஆய்வேட்டுக்குப் பிழை திருத்தியவன் நான்டா.

ஆறாவதை நான் அழிக்கவில்லை. இந்த முறை ஆண்டு முழுவதையும் ஒன்றாகச் சராசரி எடுக்கவில்லை, நாலு பருவமாகப் பிரித்துக்கொண்டோம். கடைசிப் பருவத்தில் உன் பட்டை, நீ கோடு போட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது. யாரும் கை வைக்கவில்லை, கணினி தானாகப் பிரித்தது. திரையில் அதைப் பார்த்ததும் நான் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். கூட இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாது.

சிக்கல் வேறு. வருடத்தில் மூன்று மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போவதை வட்டாரம் என்று எப்படிச் சொல்வது என்கிறார்கள் குழுவில் பெரும்பாலோர். 'பருவ நிகழ்வு' என்று அடிக்குறிப்பில் போட்டால் போதும் என்கிறார்கள். வரைவில் பக்கத்தின் கீழே சின்ன எழுத்தில் அது இருக்கிறது. கோபத்தில் நீ அதுவரை படித்திருக்க மாட்டாய்.

அடிக்குறிப்பாகப் போனால் என்ன நஷ்டம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வட்டாரம் என்று ஏற்றுக்கொண்டால் அங்கே ஒரு மிதவையைக் கொண்டுபோய்க் கட்டுவார்கள். தினமும் அளப்பார்கள். அந்தக் கரைக்கென்று தனியாக வானிலை, மீன்வரத்து எல்லாம் சொல்வார்கள். அடிக்குறிப்புக்கு மிதவை கிடையாது. இன்னும் இருபது வருடத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கருத்துச் சொல்ல நவம்பர் முப்பது வரை நேரம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீ எழுது.

அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. உனக்குத் தகவல் வந்ததா தெரியவில்லை. தேரடித் தெருவில் நம் குடைக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்களாம், தம்பி ஃபைசான் சொன்னான்.

அன்றைக்கு ஐந்துக்குக் கை தூக்கினேன், மறுக்கவில்லை. நம்மிடம் அன்றிருந்த அளவீடு அவ்வளவுதான். அதற்காக நீ இத்தனை வருடம் பேசாமல் இருப்பாய் என்று நினைக்கவில்லை.

ரஹமத்


திருவண்ணாமலை
1 அக்டோபர் 2025

ரஹமத்,

ஜானி பாஷா அய்யா போன செய்தி எனக்கு அன்றைக்கே தெரியும். தெரு முனை வரைக்கும் வந்தேன். உன் கார் நின்றிருந்தது. திரும்பிவிட்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கை தூக்கியதற்காகக் கோபம் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறாய்? கை தூக்கியது உன் கணக்கு. தப்பான கணக்கு, ஆனாலும் கணக்கு. நீ சிரித்தாய்.

அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் நான் படம் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாகக் கலந்தால் கார்த்திகைப் பட்டை கரைந்து போகிறது என்று எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னேன். ஒருவரும் நிமிரவில்லை. இயக்குநர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். எங்கள் ஊர் திருவண்ணாமலை, வருடத்தில் ஒரு நாள் அங்கே மலைமேல் தீபம், அன்றைக்கு ஊரில் கால் வைக்க இடம் இருக்காது, ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் தீபம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்றுதான் வரும், நீங்கள் கடலுக்குச் செய்வது அதைத்தான் என்றேன். இயக்குநர் நிமிர்ந்தார். இருசப்பன் நமக்குக் கோயில் புள்ளிவிவரம் சொல்கிறார் என்றார். அறையே சிரித்தது.

அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். தீபம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த அறையில் அது தெரிந்த இன்னொருவன் நீ ஒருவன்தான். உன் பக்கம் திரும்பினேன். நீ ஒரு வார்த்தை சொல்வாய் என்று நினைத்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

பாதியில் எழுந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வந்தேன். மொட்டை மாடியிலிருந்து கிரிவலப் பாதை தெரிகிறது. இப்போது அது வேறு பாதை. நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் வந்துவிட்டது. நாம் அளந்தபோது புளியமரமும் தாருமாகத்தான் இருந்தது. எம்.எஸ்ஸி. முதல் வருடம், சித்திரை வெயில். எட்டு லிங்கமும் பாதையைத் திசைக்கணக்கில் பிரிக்கிறது, நாம் சூட்டுக்கணக்கில் பிரிப்போம் என்று சொன்னது நீ. லேப் அர்ஜுனன் அண்ணனைக் கெஞ்சி வெப்பமானி வாங்கியது நான். எங்கே தார் சட்டென்று சூடேறுகிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் கோடு. மரநிழல் வட்டாரத்துக்கு ஈரத்துணி என்று பெயர் வைத்தோம். அடுத்ததற்கு வறுசட்டி. அதற்கும் அடுத்ததில் இரண்டு பேரும் செருப்பில்லாமல் நடக்க முடியாமல் குதித்துக் குதித்துப் போனோம், அதற்குப் பெயர் வைக்கவே இல்லை.

வெயில் தாழ்ந்து உங்கள் கடை மாடிக்குப் போய், குடை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்பக்கத்தில் பாதையை வரைந்தோம். அய்யா மேலே ஏறி வந்து பார்த்தார். "படிக்கிற பசங்க பண்ற வேலையா இது" என்று சொல்லிவிட்டு, கீழே போய்ப் பரோட்டா வாங்கி அனுப்பினார். ஒரு இடத்தை அதன் குணத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழ்பென்னாத்தூரில் எங்களுக்கு மல்லாட்டைச் செடி பச்சையாய் விரிந்த கொல்லைதான் கடல். நிஜக் கடலை நான் பார்த்ததே அதற்கும் இரண்டு வருடம் கழித்து, உன்னோடுதான். அங்கே போனதும் ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை, கொஞ்சம் பெரிய ரோடு என்று நீ சொன்னாய்.

அப்படிச் சொன்னவன்தான் சிரித்தான்.

கோ. இருசப்பன்


விசாகப்பட்டினம்
14 அக்டோபர் 2025

அன்புள்ள இருசா,

ஆமாம், சிரித்தேன். உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. படித்ததும் எதற்குச் சிரித்தேன் என்பதும் சேர்ந்தே வந்தது. சொல்கிறேன், நம்பினால் நம்பு.

அட்டைப்பெட்டி, பரோட்டா எல்லாம் எழுதியிருக்கிறாய், வெள்ளையம்மாவை விட்டுவிட்டாய். வறுசட்டி தொடங்கும் இடத்தில் மோர் விற்ற அம்மா. நீ ரோட்டில் மண்டி போட்டு, வெப்பமானியைத் தார்மேல் படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாய். அந்தம்மா பானையை விட்டு எழுந்து வந்து குனிந்தது.

"இன்னாப்பா, ரோட்டுக்கு ஜொரமா?"

நீ தலையை நிமிர்த்தாமல், "ஆமாங்க, ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்றாய். அந்தம்மா போய் ஒரு சொம்பு மோரை எடுத்து வந்து நீ அளந்துகொண்டிருந்த இடத்தில் ஊற்றிவிட்டு, "இப்ப பாரு, எறங்கியிருக்கும்" என்றது.

நீ அந்தம்மாவை ஒரு முறை முறைத்தாய். கோயில் புள்ளிவிவரம் என்று இயக்குநர் சொன்னபோது அவரையும் அதே மாதிரி முறைத்தாய். அதே முகம். மோர் ஊற்றிய ரோட்டைப் பார்த்த முகம். எனக்குத் தாங்கவில்லை. வாயைப் பொத்தியது அதற்காக. அவர்கள் வேறு காரணத்துக்குச் சிரிக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்குள் நீ வெளியே போயிருந்தாய். மறுநாள் ராஜினாமா. நான் உன் அறைக்கு வந்தபோது பூட்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது சொல்லாவிட்டால் அதற்கும் ஒரு இருபது வருடம் பேசாமல் இருப்பாய். இங்கே உன் பெயர் நல்ல பெயராக இல்லை. நீ போன பிறகு எழுதித் தள்ளிய கடிதங்களை மறக்காத இரண்டு பேர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அமைச்சகத்துக்கு எழுதினாய், பத்திரிகைக்கு எழுதினாய், அவர்கள் படித்த பல்கலைக்கழகத்துக்கே எழுதினாய். அதில் ஒருவர் வடக்கத்திக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, உன் கையெழுத்து மட்டும் தெரியும். உன் பெயரைச் சொன்னால் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்கிறார்கள்.

இருந்தாலும் நீ எழுது. பெயரோடு எழுது. இந்த முறை முதல் கை என்னுடையது.

மழை தொடங்கிவிட்டதா? இங்கே கடல் கலங்கிக் கிடக்கிறது. உன் தண்ணீர் இன்னும் கொஞ்ச நாளில் எங்களைத் தாண்டி உங்கள் பக்கம் கிளம்பும்.

ரஹமத்


திருவண்ணாமலை
27 அக்டோபர் 2025

ரஹமத்,

மோர்க்கதையை ஒரு நாள் முழுக்க நம்பினேன். மறுநாள் காலையில் நம்பிக்கை போய்விட்டது. உனக்கு எப்போதுமே சமயத்துக்கு ஒரு கதை கிடைக்கும். ரேவதியிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்புறம், "நீங்க இப்பகூட அப்படித்தான் மொறைக்கிறீங்க" என்றாள். அவள் சிரித்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. வராதது எனக்கே பிடிக்கவில்லை.

நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டை தனி வட்டாரமாக உள்ளே வர வேண்டும். அதை முதலில் வரையறுத்தவர் இன்னார் என்று என் பெயரை, வரைவு நூலாக வரும்போது அதே பக்கத்தில் போட வேண்டும். நன்றியுரையில் பத்தோடு பதினொன்றாகச் சேர்க்கிற வேலை வேண்டாம். நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டால் கல்லூரிப் பிள்ளைகளிடம் காட்ட என்னிடம் ஒரு தாள் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் கடல் படம் வரைந்து காட்டினால், "சார், நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். போயிருக்கிறேன் என்றால் நம்புவதில்லை. மலையடிவாரத்தில் வாடகைக்கு அறை விடுகிறவன் கடலைப் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்.

நினைவிருக்கிறதா, சென்னைக்கு நேரே, கார்த்திகையில், கப்பலில் நான் மூன்று நாள் வாந்தி எடுத்துப் படுத்திருந்தேன். நீ வாளியில் மொண்ட தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, "டேய், எழுந்திருடா, உப்பு கம்மியா இருக்குது" என்றாய். கருவி காட்டுவதற்கு முன்னால் சொன்னாய். நாக்குக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது, நீ சும்மா சொன்னாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்தேன். கருவியைப் பார்த்தபோது கம்மியாகத்தான் இருந்தது. அன்றைக்குக் காலையில் தளத்தில் நின்று நாம் இரண்டு பேரும் பார்த்த தண்ணீர், பார்க்க மற்றத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது. அதில் ஒரு எல்லை போகிறது என்று தெரிந்தவர்கள் அப்போது உலகத்தில் அந்த இரண்டு பேர்தான்.

என் பெயர் இல்லாமல் அது உள்ளே போனால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

முனைவர் கோ. இருசப்பன்


விசாகப்பட்டினம்
12 நவம்பர் 2025

அன்புள்ள இருசா,

நேற்றுக் கூட்டம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் போனதால் உன் பெயரை நானே எடுத்தேன். இந்தப் பட்டையைப் பல வருடங்களுக்கு முன்பே ஒருவர் சரியாகக் கோடு போட்டிருக்கிறார், அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆரம்பித்து, பெயரைச் சொன்னேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவர், அந்தக் கடிதக்காரரா என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. உனக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, இருசப்பன் போட்ட கோடு சரியா தப்பா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் எல்லாம் கெட்டது. ஆறு வட்டாரத்துக்குச் சாய்ந்திருந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவர் தன் ஊர்க்காரருக்கு ஒரு வட்டாரம் கேட்கிறார் என்று இடைவேளையில் என் காதுபடவே பேச்சு. நான் பேசப் பேச அது உன் வட்டாரமாகிவிட்டது இருசா. கடலின் வட்டாரமாக அதை யாரும் பார்க்கவில்லை.

குழுவில் நூரைன் என்று ஒரு பெண். வயதில் சின்னவள், நம் ஊர்ப் பக்கம், ஆரணி. படிகளில் என்னைப் பிடித்து நிறுத்தி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதையே சம்பந்தமில்லாத யாராவது வெளியிலேருந்து எழுதியிருந்தா நானே கை தூக்கியிருப்பேன். நீங்க சொல்றதால தூக்க முடியலை" என்றாள்.

முப்பதாம் தேதி வரை வரும் கருத்துகளை எண் போட்டு, ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். மீனவர் சங்கங்களிலிருந்து, மாணவர்களிடமிருந்து, பெயர் போட்டும் போடாமலும் வந்துகொண்டிருக்கிறது. எல்லாமே படிக்கப்படும். அது விதி, அதை யாரும் மாற்ற முடியாது.

உன் பெயரோடு வந்தால் தோற்றுவிடுவோம் என்றுதான் நினைக்கிறேன். பெயர் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. பெயரோடு வந்தாலும் சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன், முதல் கை என்னுடையது. உன் இஷ்டம்.

தீபத்துக்கு ஊருக்கு வரலாம் என்று இருந்தேன். முடிவு தெரியாமல் வர மனமில்லை.

ரஹமத்


திருவண்ணாமலை
25 நவம்பர் 2025

ரஹமத்,

நேற்றுக் கொடியேற்றம். ஊர் மாறத் தொடங்கிவிட்டது. செங்கம் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தும் இடத்தை மாற்றிவிட்டார்கள், கீழ் அறைகளில் ஆள் நிரம்பிவிட்டது, இன்னும் வந்து கேட்கிறார்கள். தேரடித் தெருப் பக்கம் போனேன். செல்போன் கவர் விற்கிற பையன் கவர்களை உள்ளே தள்ளிவிட்டு, வாசலில் குடைகளைத் தொங்கவிட்டிருந்தான். அந்த இடத்தில் யார் இருந்தாலும் இந்த நாட்களில் குடைதான் விற்பார்கள் போலிருக்கிறது. ஒன்று வாங்கினேன். அய்யா இருந்திருந்தால் விரித்துப் பார்க்காமல் கையில் கொடுத்திருக்க மாட்டார். இவன் கவரோடு கொடுத்துவிட்டான்.

கோபம் போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ அன்றைக்குச் சிரித்ததற்கு மோர்தான் காரணம் என்று இப்போது கொஞ்சம் நம்புகிறேன். ஆனாலும் எனக்கு வலித்த வலி வலித்ததுதான். அந்தக் கடிதங்களை எழுதியதற்கும் நான் வருத்தப்படவில்லை. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று உட்கார்ந்து குழுவுக்கு ஒரு கருத்து எழுதினேன். ஆங்கிலத்தில், எட்டுப் பக்கம். முதல் வரியிலேயே என் பெயர், பட்டம், 2004-ஆம் வருடக் கூட்டம் எல்லாம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். எட்டில் ஐந்து பக்கம் என்னைப் பற்றி இருந்தது. கடலைப் பற்றி மூன்று. அந்த ஐந்தையும் தூக்கிவிட்டேன்.

மிச்சத்தைச் செதுக்கினேன். நிலையாக இருப்பதுதான் வட்டாரம் என்கிறார்கள் அல்லவா, அதைத்தான் பிடித்திருக்கிறேன். அவர்கள் ஏற்றுக்கொண்ட ஐந்து வட்டாரங்களின் எல்லைகளும் மாதத்துக்கு மாதம் எவ்வளவு நகர்கின்றன என்று அவர்களுடைய வரைவிலிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறேன். கோடைக்கும் மழைக்கும் நடுவில் வடக்கு எல்லை எங்கேயோ போய்விடுகிறது. கார்த்திகைப் பட்டை அப்படி இல்லை. வரும் காலமும் மாறுவதில்லை, வழியும் மாறுவதில்லை. தவறாமல் வந்துபோவதா நிலையானது, எப்போதும் இருந்துகொண்டு இடம் மாறிக்கொண்டே இருப்பதா என்று கேட்டு முடித்திருக்கிறேன். நூரைன் என்ற அந்தப் பெண்ணுக்குப் புரியும்.

தீபத்தையும் எடுத்துவிட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை, இனியும் கிடைக்காது. ஆனால் அது இருந்தால் எழுதியது யார் என்று பழைய ஆட்களுக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும். மூன்று முறை அடித்தேன், மூன்று முறை திரும்ப எழுதினேன். நேற்றுக் கோயில் பக்கத்திலிருந்து மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்திலேயே அந்தப் பத்தியைக் கடைசியாக எடுத்தேன்.

பெயரைப் பற்றி நாலைந்து நாள் யோசித்தேன். ரேவதியிடம் கேட்டேன். "பேரு போட்டா உங்களுக்கு இன்னா கெடைக்கும், போடலைன்னா கடலுக்கு இன்னா கெடைக்கும்?" என்றாள். பெயர் போட்டால் எனக்கு ஒரு சண்டை கிடைக்கும், போடாவிட்டால் அங்கே ஒரு மிதவை நிற்கும் என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள். நான் சொன்னது சரி என்று எனக்கு மட்டும் தெரிந்திருப்பதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்து பார்த்தாகிவிட்டது. அதில் ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீர் இப்போது இங்கிருந்து கிழக்கே, ஒரு பஸ் பயணத் தூரத்தில், தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. அளக்க அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த வருடமாவது இருக்கட்டும்.

முன்னே எழுதிய மிரட்டலை மறந்துவிடு. பெயர் இல்லாமல் அது உள்ளே போனால் நான் சும்மாதான் இருப்பேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்தக் கருத்தைப் படிக்கும்போது உனக்கு என் நடை தெரிந்துவிடும். எத்தனையாவது எண் போட்டாலும் தெரிந்துவிடும். யாராவது நேராகக் கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டாம். ஆனால் கேட்கும்வரை முகத்தில் ஒன்றும் காட்டாதே. தயவுசெய்து சிரித்துவிடாதே. முதல் கையும் தூக்காதே. அந்தப் பெண் தூக்கட்டும்.

இந்தக் கடிதம் உன் வீட்டு முகவரிக்கு. அது அலுவலகத்துக்கு, வேறு உறையில், முகவரியையும் அச்செடுத்து ஒட்டி. கீழ் அறையில் இருக்கும் ஜெர்மன் அம்மா நாளை சென்னைக்குப் போகிறார், அவரிடம் கொடுத்தால் சென்னை முத்திரை விழும் என்று யோசித்தேன். தேவையில்லை. இந்தப் பத்து நாளில் இந்த ஊருக்கு வராத ஆள் யார்? எவனும் இங்கிருந்து ஒரு தபால் போட்டிருக்கலாம். ஸ்பீட் போஸ்ட் என்றால் அனுப்புநர் பெயரும் விலாசமும் கேட்பார்கள், அதனால் சாதாரணத் தபால். ஐந்து நாளில் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

கடைசிப் பக்கத்தின் கீழே பழக்கத்தில் என் பெயரை அடித்து வைத்திருந்தேன். இன்று காலை அதை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்செடுத்தேன். உறையை ஒட்டியாகிவிட்டது. மழை சற்று விட்டிருக்கிறது. கையெழுத்து இல்லாமலேதான் போடப் போகிறேன், அதையும் இதையும்.